கழுத்தால் நுழையும் உடுப்பு

"மூச்சை விடுங்கோ. முழுக்க விடுங்கோ."

"முழுக்க விட்டால் செத்துப்போவன்."

"செத்த பிறகு போட்டுவிடுறது இன்னும் லேசு. வயித்தை எக்குங்கோ."

"எக்கினது இவ்வளவுந்தான். இனி எக்கினால் வயிறு முதுகாலை வெளிக்கிடும்."

"இராத்திரி புட்டுக்கு மூண்டாந்தரம் கோப்பையை நீட்டேக்கை இதை யோசிச்சிருக்கோணும்."

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. "பிள்ளை றொசாந்தி, உப்புப் பூசிப் பார். உப்பிலை போட்ட அட்டை மாதிரி உவனும் சுருங்குவான்."

"நீங்கள் சும்மா இருங்கோ றோய் அண்ணை," என்றாள் றொசாந்தி. கணவனின் இடுப்பிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

ஜெயசுதன் கிணற்றடிச் சீமெந்தில் கால்களை அகட்டி நின்றான். இடுப்புக்குக் கீழே அவன் கறுப்பாகவும் வழுவழுப்பாகவும் இருந்தான். இடுப்புக்கு மேலே வழக்கமான ஜெயசுதன், வியர்த்துப்போய், கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியத்தோடு. சுழியோடப் போடும் றப்பர் உடுப்பின் மேற்பாதி அவனுக்கு முன்னால் கவிழ்ந்து தொங்கியது. அதன் இரண்டு கைகளும் தரையில் எதையோ தேடுவதுபோல ஆடின. காலை எட்டு மணிதான். மணற்காட்டு மணல் அதற்குள் சுடத் தொடங்கிவிட்டது.

இழுத்துத் திறக்கச் சிப் இல்லாத உடுப்பு அது. முதுகிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. உள்ளே போக இருந்த ஒரே வழி கழுத்து. அந்த வட்டத்தை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, அதற்குள் முதலில் ஒரு காலை விடவேண்டும், பிறகு மற்றக் காலை. பிறகு முழங்கால்கள், தொடைகள், இடுப்பு. ஒரு ஆள் தன் கழுத்து வழியாகத் தனக்குள்ளேயே இறங்கிப் போவதுபோல இருக்கும். பாம்பு சட்டை கழற்றுவதை றொசாந்தி கண்டிருக்கிறாள். கழற்றிய சட்டைக்குள் பாம்பு திரும்பிப் போவதை அவள் கண்டதில்லை. முதல்நாள் இதைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

நோர்வேயில் இருக்கும் அவனுடைய அண்ணன் அனுப்பிய உடுப்பு. அனுப்பச் சொல்லிக் கேட்டவள் றொசாந்தி. அளவு என்ன என்று அவர் கேட்டபோது அவள் அலுமாரியைத் திறந்து, நெல்லியடியில் தைப்பித்த கலியாணக் கோட்டை எடுத்துக் கட்டிலில் விரித்து, நெஞ்சையும் தோளையும் இடுப்பையும் நாடாவால் அளந்து அனுப்பினாள். அது ஐந்து வருடத்துக்கு முந்திய ஜெயசுதனின் அளவு என்பது பார்சல் வந்த பிறகுதான் உறைத்தது. உடுப்போடு சேர்த்து அண்ணன் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அதில் மஞ்சள் தலைமயிர்ப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே நாற்பது செக்கனில் உள்ளே போனாள், நாற்பது செக்கனில் வெளியே வந்தாள். ஜெயசுதனை முதல்முறை உள்ளே அனுப்ப ஒரு மணித்தியாலம் எடுத்தது. வெளியே எடுக்க அதைவிடக் கூட எடுத்தது. அன்று இரவு இருவரும் பனடோல் போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் நிறையக் கற்றுவிட்டார்கள். காலில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு விட்டால் றப்பருக்குள் கால் வழுக்கிக்கொண்டு போகும். தேங்காயெண்ணெய் பூசக்கூடாது. முதல் கிழமை அதைப் பூசி, றப்பர் பிசினாய்ப் போய்விடும் என்று அண்ணனிடம் ஏச்சு வாங்கினார்கள். குழந்தைச் சவுக்காரம் கரைத்த தண்ணீர்தான் சரி. நகம் பட்டால் பிறைபோல வெட்டு விழும். விரல்சதையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி ஏற்றவேண்டும். றொசாந்தி பத்து விரல் நகங்களையும் ஒட்ட வெட்டியிருந்தாள்.

"இப்ப கை," என்றாள்.

வலது கையை விட்டான். முழங்கைக்குக் கீழே சிக்கியது. அவள் மணிக்கட்டிலிருந்து சுருக்கங்களைத் தள்ளித் தள்ளித் தோள்வரை கொண்டுபோனாள். இடது கை. பிறகு கடைசி வேலை. அந்த வட்டத்தோடு இறுக்கிப் பூட்டும் தனிக் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேலால் இழுக்கவேண்டும். இது மட்டும் அவளுக்கு எப்போதும் பிடிக்காது. அந்த மூன்று நான்கு செக்கனுக்கு அவனுக்கு முகம் இருக்காது. இழுபட்ட றப்பரில் மூக்கின் மேடு தெரியும். வாய் இருக்கும் இடம் மட்டும் பள்ளமாகி உள்ளே போகும், வெளியே வரும், உள்ளே போகும்.

முகம் வந்தது. சிவந்து, இளித்துக்கொண்டு.

"எத்தினை சிலிண்டர் இண்டைக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"ரெண்டுதானே?"

"அந்தோனியாராணை ரெண்டு."

"அந்தோனியாரையும் தண்ணிக்குள்ளை இறக்கப்போறான்," என்றார் றோய்.

றோய் வேலிப் பொட்டின் இடைவெளிக்கு அந்தப் பக்கம் சில்லுக் கதிரையில் இருந்தார். மணலில் சில்லுப் புதையும் என்பதற்காக அவர் வீட்டு வாசலிலிருந்து வேலிவரை பலகைகள் போட்டிருந்தார்கள். பலகை முடியும் இடத்தில் அவரும் நின்றுவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்வரை கடலட்டை பிடிக்க ஜெயசுதனோடு ஒரே போட்டில் போய், ஒன்றாகச் சுழியோடியவர். தை மாதக் கடைசியில், கடல் கொஞ்சம் அடங்கிய ஒரு நாளில், பதினைந்து பாகம், தொண்ணூறு அடி ஆழத் தண்ணீரில் ஐந்து சிலிண்டர் காற்று முடித்து மேலே வந்தார். போட்டில் இருந்து ஒரு பீடி பற்றினார். கரைக்கு வந்தபோது எழும்ப முடியவில்லை. அதற்குப் பிறகு எழும்பவேயில்லை.

வெறும் மேலோடு இறங்கினவன், தைக் குளிர் முள்ளந்தண்டில் ஏறிவிட்டது என்று ஊர் சொன்னது. குளிர் இல்லை, உடம்புக்குள் ஏறின காற்று, கனநேரம் ஆழத்தில் கிடந்துவிட்டுக் கெதியாக மேலே வந்ததால் வந்த வினை என்று டொக்டர் சொன்னார். காற்றைத் தடுக்க உடுப்பு இல்லை. குளிரைத் தடுக்க இருந்தது. அதனால் ஊர் குளிரை நம்பியது. றொசாந்தியும் குளிரையே நம்பினாள். கணவனின் கால்கள் அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு நோர்வேக்குப் போன் எடுத்தாள்.

"சுதன்," என்றார் றோய், பகிடியை விட்டுவிட்டு. "உது உடுப்படா. உள்ளுக்கை ஏறின காத்துக்கு உடுப்பைத் தெரியாது."

"நீங்கள் வெறும் மேலோடை போனனீங்கள் அண்ணை."

"ஓம். எல்லாரும் அதைத்தான் சொல்லுறியள்."

ஜெயசுதன் உடுப்புக்கு மேலே சாரத்தைக் கட்டினான். போட்டில் வைத்து இதைப் போட்டுவிட யாருக்கும் தெரியாது. போட்டுக்காரர் கிறிஸ்ரி ஒருநாள் முயன்று, பாதி வழியில் அவனை ஒரு கையும் ஒரு தலையும் இல்லாதவனாக விட்டுவிட்டுக் கும்பிட்டார். அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு, சவுக்குமரங்களுக்கு நடுவே போகும் மணல்பாதையில் கடற்கரைக்கு நடப்பான். நாய்கள் இன்னும் பழகவில்லை. அவன் போகும் திசை எது என்று குரைப்பை வைத்தே சொல்லலாம்.

குரைப்பு வளைவு வளைவாகத் தூரப் போய் நின்றது.

*

அவன் கடலுக்குப் போகாத நாள்களில் உடுப்புக் கிணற்றடிக் கொடியில் தொங்கும். காய்ந்த பிறகும் அது தட்டையாவதில்லை. முழங்கால் கொஞ்சம் மடிந்து, தோள் கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து, அவன் நிற்பதுபோலவே நிற்கும். காகங்கள் கொடியில் மற்ற உடுப்புகளுக்கு மேலே வந்து இருக்கும், அதன்மேல் இருப்பதில்லை. குசினி யன்னலால் பார்க்கும்போது சிலவேளை அவள் அதோடு கதைக்க வாயெடுத்துவிடுவாள். இப்போது கொடியில் துவாய் மட்டும்தான் கிடந்தது. றப்பர் மணம் மட்டும் போகவில்லை. அது தலையணையிலும் இருந்தது, அவனுடைய கழுத்திலும் இருந்தது.

பத்தரை போல றோய் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா வா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்கு வந்தாள்.

"காலமை சொல்லுவமெண்டு நினைச்சனான். அவனுக்கு முன்னாலை சொன்னால் சண்டை வருமெண்டு விட்டிட்டன். கிறிஸ்ரியின்ரை லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் போகேக்கை பெட்டியிலை ஆறு சிலிண்டர் கிடந்தது."

"வேறை ஆருக்கும் கொண்டுபோயிருப்பினம்."

"கிறிஸ்ரியின்ரை போட்டிலை இறங்கிறது உவன் ஒருத்தன்தானே."

"ஸ்பெயராக் கொண்டுபோறவை."

"நாலு ஸ்பெயரோ?"

றொசாந்தி போனை எடுத்துக் கணவனின் இலக்கத்தை அழுத்தினாள். அவனுடைய போன் கிறிஸ்ரியின் பொலித்தீன் பைக்குள், மூன்று முடிச்சுக்குள் கிடக்கும். ஒரு பெண் முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில், தொடர்புகொள்ள முடியாது என்றாள். கிறிஸ்ரியின் இலக்கத்துக்கு எடுத்தாள். அதே பெண், அதே பொறுமை.

"இதுக்கு முதலும் கண்டனீங்களோ?"

"போன கிழமை நாலு. முந்தநாள் அஞ்சு." றோய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு வேறை என்ன வேலை. ரோட்டைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்."

முன்பெல்லாம் இரண்டு சிலிண்டர் முடியும்போதே ஜெயசுதனுக்குப் பல் கிட்டிவிடும். உதடு நீலமாகி, விரல் விறைத்து வீடு வருவான். அவள் மல்லிக் கோப்பி வைத்துக் கொடுப்பாள். இந்த இரண்டு மாதமாக அவன் குளிர்ந்து வரவில்லை. உடுப்புக்குள்ளிருந்து வேகவைத்தவன் போலச் சூடாக வெளியே வந்தான். அதைப் பார்த்து அவள் ஒவ்வொரு நாளும் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

இரண்டு வருடமாகக் கேட்காத ஒன்றை அவள் அப்போது கேட்டாள்.

"றோய் அண்ணை, உங்களுக்கு முதல்லை எப்பிடித் தொடங்கினது? காலிலையோ?"

"கால் கடைசி பிள்ளை." அவர் தன் வயிற்றைச் சுற்றி விரலால் ஒரு கோடு வரைந்தார். "இதிலை. ஆரோ நாடாவாலை கட்டி முறுக்கின மாதிரி. நான் காற்சட்டை இறுக்கமெண்டு நினைச்சுப் பட்டனைக் கழட்டினனான். கழட்டியும் இறுக்கம் போகேல்லை. சரி, வெறும் வயித்தோடை பீடி குடிச்சதெண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு பெருவிரல் விறைச்சுது. கால் விறைக்கத்தானே செய்யும், மடக்கிக்கொண்டு இருந்தனான் எண்டு நினைச்சன். ஒவ்வொண்டுக்கும் ஒரு நியாயம் கிடந்தது."

கோழி ஒன்று பலகையில் ஏறி நடந்து, அவருடைய காலடியில் எதையோ கொத்தியது. செருப்பில்லாத அவருடைய சின்னவிரலையும் கொத்தியது. றோய் அதைக் கவனிக்கவில்லை. றொசாந்தி கோழியைத் துரத்தினாள்.

பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்குப் போனாள். போட்டுகள் இழுத்துக் கிடந்த இடத்தில் கிறிஸ்ரியின் போட்டின் தடம் மட்டும் தண்ணீருக்குள் போயிருந்தது. சோளகக் காற்றுக் கரையிலிருந்து கடலுக்கு வீசியதால் கடல் சத்தம் போடாமல் தட்டையாகக் கிடந்தது. அவ்வளவு பெரிய ஒன்று இப்படிச் சத்தமில்லாமல் இருப்பது நல்லதுக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மணிவரை பார்த்தாள். வந்தவுடன் உடுப்பைக் கழற்றச் சவுக்காரத் தண்ணீர் வேண்டும் என்று நினைவு வர, வீட்டுக்குத் திரும்பி வாளியை நிரப்பி வைத்தாள். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் நல்லதாக இருந்தது.

*

இரண்டு மணிக்கு நாய்கள் குரைத்தன. குரைப்பு வழக்கத்தைவிட மெதுவாக வந்தது. சவுக்குமரங்களுக்குள் ஓரிடத்தில் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

ஜெயசுதன் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கிறிஸ்ரியின் தோளில் போட்டபடி வந்தான். குடித்துவிட்டு மறைக்கிறவர்களைப்போலக் கால்களைக் கவனமாக எடுத்துவைத்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நல்ல பாடு றொசா," என்றான். "அள்ள அள்ளக் கிடந்தது. இதைக் கழட்டு. கெதியாக் கழட்டு. வயித்தைச் சுத்தி நெரிக்குது."

அவளுடைய கை வாளியில் நின்றது. "எங்கை நெரிக்குது?"

"இதிலை." இடுப்பைச் சுற்றி விரலால் ஒரு கோடு வரைந்தான்.

"எத்தினை சிலிண்டர்?"

"முதல்லை கழட்டு."

"எத்தினை?"

கிறிஸ்ரி மணலைப் பார்த்தார். "ஆறு," என்றார். "அட்டை கிடக்கிற இடம் அம்பிட்டிட்டுது தங்கச்சி. ஏறடா எண்டு கயித்தைப் பிடிச்சு இழுத்தனான். இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு நிண்டவன்."

"குளிரவேயில்லை, றொசா," என்றான் ஜெயசுதன். பெருமையாகச் சொன்னான். "மெய்யாச் சொல்லுறன். ஒரு துளி குளிரேல்லை. குளிராட்டி என்னத்துக்கு ஏறுறது?"

வேலிக்கு அப்பால் பலகையில் சில்லு உருளும் சத்தம் கேட்டது. "பிள்ளை! ஓட்டோவைக் கூப்பிடு! கழட்டுறதைப் பேந்து பாக்கலாம். அப்பிடியே கொண்டு போங்கோ!"

"உடுப்பு இறுக்கம் அண்ணை," என்று ஜெயசுதன் கத்தினான். "ஒண்டுமில்லை. போட்டிலை வரேக்கை வெயில். றப்பர் சுருங்கிப்போச்சு."

றொசாந்தி அவனையும் வேலியையும் பார்த்தாள். உடுப்பு இறுக்கம்தான். அது உலகத்துக்கே தெரியும். நாடா பிடித்து அளந்து, இறுக்கமான ஒன்றை வரவழைத்தவளே அவள்தான். ஒவ்வொரு நாளும் அவன் இறுக்குது என்றுதான் வருவான். ஒவ்வொரு நாளும் கழற்றிய பிறகு அப்பாடா என்பான். இதைக் கழற்றிவிட்டால் தெரிந்துவிடும். பத்து நிமிடம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது.

"கழட்டிப் பாப்பம் றோய் அண்ணை," என்றாள்.

"விசரே உனக்கு? நான் சொன்னனானெல்லே!"

கிறிஸ்ரி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். "வெட்டிவிடுவம். ரெண்டு இழுவை."

"தொடாதேங்கோ," என்றான் ஜெயசுதன். "அண்ணை அனுப்பினது. வெட்டினால் நாளைக்கு என்னத்தைப் போடுறது?"

கிறிஸ்ரி றொசாந்தியைப் பார்த்தார். அவள் தலையசைத்தால் வெட்டியிருப்பார். அவள் வாளியை எடுத்து, அவன் கழுத்தால் உள்ளே தண்ணீரை ஊற்றினாள்.

கழற்றுவதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் கழுத்துத் துண்டைத் தலைக்கு மேலால் பின்னுக்கு எடுக்கவேண்டும். முகம் போய், முகம் திரும்பி வந்தது. இந்தமுறை அவன் இளிக்கவில்லை. பிறகு தோள். தோளுக்கும் றப்பருக்கும் இடையில் விரல்களை விட்டு, முழங்கையை உள்ளுக்குள் மடக்கி வெளியே எடுக்கவேண்டும். அவள் விரல் போனது. றப்பர் உறிஞ்சும் சத்தத்தோடு விலகியது. ஒரு முழங்கை வந்துவிட்டால் மற்றது வரும். மற்றதும் வந்தது. உடுப்பு நெஞ்சுவரை புறம்மாறி உருண்டு இறங்கியது. உத்தரியம் அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"அப்பாடா," என்றான் ஜெயசுதன்.

றொசாந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நெரிப்புப் போட்டுதோ?"

"மூச்சு வருது." அவன் இரண்டுதரம் நன்றாக மூச்சை இழுத்தான். பிறகு நிறுத்தி, எதையோ உற்றுக் கேட்பவன் போல நின்றான். "வயித்திலை கிடக்கு. அதையும் எடு."

அவள் குனிந்தபோதுதான் அவனுடைய தோளைக் கண்டாள். தோளிலிருந்து விலாவரை, தோலுக்குக் கீழே யாரோ சின்னக் கண் வலையை விரித்ததுபோல, நீலமும் ஊதாவுமாக ஒரு கோலம்.

"இது என்ன?"

"றப்பர் அச்சு," என்றான், குனிந்து பார்த்துவிட்டு. "ஒட்டிக் கிடந்ததெல்லே."

அவள் புறம்மாறிய றப்பரைத் தடவினாள். உள்பக்கம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தது. அதில் எந்தக் கோலமும் இல்லை.

"கிறிஸ்ரி அண்ணை, ஓட்டோவுக்கு எடுங்கோ," என்றாள். தன் குரல் யாருடையதோ போல அவளுக்கே கேட்டது.

கிறிஸ்ரி அதற்கு முன்பே போனைக் காதில் வைத்துக்கொண்டு படலைப் பக்கம் ஓடியிருந்தார்.

"இடுப்பு, றொசா."

அவள் உருளையை இடுப்புக்குக் கீழே தள்ளினாள். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை அப்படியும் இப்படியும் நெளிப்பான். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். இன்று அவன் நெளியவில்லை. அவள் தோளைப் பிடித்த கை கனத்தது. இன்னும் கனத்தது. பிறகு அவன் முழுப் பாரமும் அவள்மேல் வந்தது. அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மெல்லச் சீமெந்தில் இருத்தினாள்.

"தலை சுத்துது," என்றான். "ஒண்டுமில்லை. காலமை சாப்பிடேல்லை."

"படுங்கோ. அப்பிடியே படுங்கோ."

அவன் ஈரச் சீமெந்தில் மல்லாக்கப் படுத்தான். வெயில் நேரே முகத்தில் விழுந்தது. முழங்கையை மடித்துக் கண்களை மூடிக்கொண்டான்.

அவள் அவன் காலடியில் குந்தினாள். கால்கள்தான் எப்போதும் கஷ்டம். குதிக்காலில் றப்பர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவன் ஒரு காலால் மற்றக் காலை மிதித்துத் தள்ள, அவள் இழுக்க, இருவரும் பின்னுக்கு விழுந்து சிரித்த நாள்கள் உண்டு. அவள் வலது குதியைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கால் எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. அவள் இழுத்த பக்கமெல்லாம் வந்தது. பாதம் ஒருமுறை சீமெந்தில் அடிபட்டது. அடிபட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வாய் அமைதியாக இருந்தது.

இடது கால். அதுவும் வந்தது. இத்தனை லேசாக அந்த உடுப்பு ஒருநாளும் கழன்றதில்லை.

அது இப்போது முழுவதும் புறம்மாறி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் மடியில் கிடந்தது. இரண்டு பெரிய கறுப்புக் கால்களும் அவள் முழங்காலுக்கு மேலால் தொங்கின. அவனுடைய கால்கள் அவளுக்கு முன்னால், சீமெந்தில், வெறுமையாக, ஊறி வெளுத்துப்போய்க் கிடந்தன. தொடையில் வலைக்கோலம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. அவள் கையை நீட்டி அவனுடைய பெருவிரலைத் தொட்டாள். பிடித்தாள். பிறகு, ஒட்ட வெட்டிய நகம் பதியும்வரை நெரித்தாள்.

படலையடியில் கிறிஸ்ரி போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலடியால் வரவேண்டாம், மணலில் புதையும், சுடலைப் பக்கத்தால் வரச்சொன்னார்.

"என்ன, ஏன் நிப்பாட்டினனீ?" என்றான் ஜெயசுதன். கண்ணை மறைத்த கையை அவன் எடுக்கவில்லை. குரலில் கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் செல்லம். "மேலை எல்லாம் சுகமாக் கிடக்கு. கால் ரெண்டும்தான் இன்னும் உள்ளுக்கை கிடந்து இறுக்குது. கழட்டிவிடன், றொசா."